ஏட்டில் ஏறாத பேச்சு

ஓர் ஊரின் பழமையை அறிய விழைவோர் முதலிற் கல்வெட்டைத் தேடுவர். பின்னர்க் கோயிலை நாடுவர். அதன்பின் அரசாங்கக் கோவைகளைப் புரட்டுவர். அவ்வூரின் அடுப்படியிற் சென்று அமர்ந்து செவிசாய்ப்போர் மிக அரியர். திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதி வழியே வடக்கு நோக்கி 30 கிலோமீற்றருக்குச் சற்று மேல் சென்றால் வருவது குச்சவெளி. அங்கே பாறையிற் பொறித்த வடமொழிக் கல்வெட்டொன்று உண்டு. அறிஞர் அதனைப் படித்துப் பதிப்பித்துள்ளனர். நன்று. அதே ஊரில் நாள்தோறும் பேசப்பட்டு, நாள்தோறும் கடற்காற்றிற் கரைந்துபோகும் இன்னொரு வரலாறும் உண்டு. அது சமைக்கும் பெண்களின் பேச்சு. அதனைப் படியெடுக்க வேண்டும் என்னும் எண்ணம் நம்மிற் பலருக்குத் தோன்றியதேயில்லை. எனக்கும் அண்மையில்தான் தோன்றிற்று.

நண்பர் ஒருவரின் குடிபூரலுக்காக அவ்வூர் சென்றிருந்தேன். புது வீட்டில் புதுக் குசினி. பளபளக்கும் எரிவாயு அடுப்பு. எனினும் முதல்நாள் மாலையே வளவின் பின்புறத்தில், வேப்பமர நிழலில், மூன்று கற்கள் வைத்து விறகு மூட்டப்பட்டுவிட்டது. நூற்றைம்பது பேருக்குச் சமைக்கும் கிடாரத்தைத் தாங்கப் புது அடுப்புக்கு வலுவில்லை என்று பெண்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள். வீட்டுக்காரியின் தாயார், சிறிய தாயார், அயல்வீட்டு முஸ்லிம் அம்மையார், பல்கலைக்கழகத்திற் பயிலும் பெண் ஒருத்தி ஆகியோர் தேங்காய் துருவியும் மரக்கறி நறுக்கியும் பேசிக்கொண்டிருந்தனர். நான் திண்ணையிற் செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு, படிப்பவன்போற் பாவனை செய்து, கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாணவி குறிப்பேட்டுடன் வந்திருந்தாள். "ராத்தா, நூறு பேருக்கு எவ்வளவு அரிசி?" என்றாள். "நூறு பேருக்குப் பன்னிரண்டு கிலோ வை மகள். இருநூறு பேரெண்டா இருபத்துநாலு வைக்காதே; இருபது, இருபத்தொண்டு போதும். ஆக்கள் கூடக்கூட ஆளுக்குத் திங்கிறது குறையும்" என்றார் அயல்வீட்டு அம்மையார். "உப்பு எத்தனை தேக்கரண்டி?" என்று அவள் தொடர்ந்தபோது எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "சிறங்கைக்கு ஏது பிள்ளை கரண்டி? உன்ர கையால அள்ளிப் போட்டுப் பழகு. பிழைச்சா நாளைக்குத் திருத்தலாம்" என்றார் ஆச்சி.

மறுநாட் சமையல் மரக்கறி. பேச்சோ மீனைச் சுற்றியே ஓடியது. சூடை மீனுக்குக் கொறுக்காப்புளி சேர்த்தால் கறி இரண்டு நாள் நிற்கும். திருக்கையை வறையாக்கினால் பிள்ளை பெற்றவளுக்கு நல்லது. சொதியை இறக்கியபின்பே தேசிக்காய் பிழிய வேண்டும், அடுப்பில் வைத்துப் பிழிந்தால் பால் திரிந்துவிடும். எதிர்பாராத விருந்தினர் வந்தால் சொதியை நீட்டலாம், பருப்பை நீட்டலாகாது. இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக வந்த செய்திகளை அம்மாணவியின் கை எழுதி மாளவில்லை.

அப்பேச்சிற் சமையல் மட்டுமா இருந்தது? வாடைக் காற்றுத் தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் கார்த்திகை, மார்கழியில் மீன் வரத்துக் குறையும். ஆதலாற் கரைவலைக் காலத்திற் பட்டதில் எதை உப்பிடுவது, எதைப் பச்சையாக விற்பது என்னும் பொருளாதாரம் இருந்தது. வெள்ளிக்கிழமை மீன் சமைக்காத சைவ வீட்டிலிருந்து முஸ்லிம் வீட்டுக்குப் பலகாரம் எந்தப் பாத்திரத்தில் அனுப்புவது, நோன்புக் கஞ்சியை அயலுக்குக் கொடுக்கும்போது இறைச்சி சேராமல் தனிச்சட்டியிற் காய்ச்சுவது எப்படி என்னும் நாகரிகம் இருந்தது. இத்தனை பெரிய நாகரிகத்தை எந்தச் சட்டமும் இவர்களுக்குக் கற்பிக்கவில்லை. அயலும் அடுப்பும் கற்பித்தன.

சொற்களை எண்ணிப் பாருங்கள். நாம் குசினி என்கிறோமே, அது போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். பாணும் அலுமாரியும் அவ்வழி வந்தனவே. தொதல் மலாய்க்காரர் தந்தது. மாசி மாலைதீவிலிருந்து கப்பலேறியது. சுண்டு, கொத்து, சிறங்கை என்னும் அளவைகளோ நம் முன்னோருடையவை. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களைப் பற்றி நூல்கள் உண்டு. அக்கப்பல்களில் வந்த சொற்களுள் எவை இன்றும் குச்சவெளிப் பெண்ணின் நாவில் உள்ளன என்பதற்கு அப்பெண்ணின் பேச்சே சான்று. அவள் பேச்சு மறைந்தால் சான்றும் மறையும்.

நம் பழந்தமிழ்ப் புலவர் அடுக்களையை இழிவாக எண்ணியதில்லை. சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார், பாணனை வழிப்படுத்தும்போது, எந்த நிலத்திற் எவர் எதைப் படைப்பர் என்று நிரல்படக் கூறுகிறார். கடற்கரைப் பட்டினத்தில் உலர்ந்த மீனைச் சுட்டுத் தருவர். வேட்டுவர் ஊரிற் புளி சேர்ந்த சோறு. மருத நிலத்தில் வெண்சோற்றுடன் நண்டு. குறுந்தொகையின் 167ஆம் பாட்டிற் கூடலூர் கிழார், புதிதாக இல்லறம் புகுந்தவள் தாளிப்பின் புகை கண்ணில் ஏறத் தானே துழந்து சமைத்ததைக் கணவன் உண்டு மகிழும் ஒரு சிறு கணத்தைப் பாட்டாக்கினார். இவற்றையெல்லாம் வகுப்பறையில் நயம் பாராட்டி விளக்கும் நாம், வீட்டுக்கு வந்ததும் "அங்கே என்ன வீண்பேச்சு?" என்று அடுப்படியை நோக்கிக் குரல் கொடுக்கிறோம்.

சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையை நான் பல ஆண்டு கற்பித்தேன். மாதரி தந்த மனையில், அவள் மகள் ஐயை அடுப்பு மூட்டித் துணைநிற்க, கண்ணகி விரல் சிவக்கக் காய் அரிந்து கோவலனுக்குச் சமைக்கிறாள். அவன் அவள் கையால் உண்ட கடைசி உணவு அது. அவல முரணைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறேன். கண்ணகி தன் ஊரை நீங்கி, பிறர் மனையில், பிறர் பாத்திரத்தில், பிறர் தந்த அரிசியிற் சமைத்தாள் என்பதை மட்டும் அழுத்திச் சொன்னேனில்லை. குச்சவெளி ஆச்சிக்கு அது சொல்லாமலே விளங்கும்.

ஏனெனில் இக்கரையோரத்துப் பெண்கள் பிறர் அடுப்பில் நெடுங்காலம் சமைத்தவர்கள். 1983ஆம் ஆண்டுக்குப் பின் தொடர்ந்த போர்க்காலத்திற் குடும்பங்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. சிலர் உள்ளூர் முகாம்களிலும் சிலர் கடல் கடந்து மண்டபம் முகாமிலும் உலைவைத்தனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து, கரையோர வீடுகளின் அம்மியையும் ஆட்டுக்கல்லையும்கூட விட்டுவைக்கவில்லை. "சட்டி போனா வாங்கலாம். யாரிட்டக் கேட்டுச் சமைச்சமோ அந்த மனிசர் போனா யாரிட்டக் கேக்கிறது?" என்று ஆச்சி சொன்னபோது, தேங்காய் துருவும் ஓசை சற்று நின்று மீண்டும் தொடங்கிற்று.

இதே கேள்வியை வேறொரு கண்டத்துப் பெண்களும் எதிர்கொண்டனர். இரண்டாம் உலகப் போரின்போது, இன்றைய செக் நாட்டிலுள்ள தெரேசீன் என்னுமிடத்தில் நாஜிகள் யூதரை அடைத்துவைத்திருந்தனர். அங்கே பசியால் வாடிய பெண்கள், தம் வீட்டுப் பலகாரங்களை எவ்வாறு செய்வது என்று ஒருவரோடொருவர் பேசினர். சிலபோது முறை பற்றி வாதாடினர். அதனை அவர்கள் வாயாற் சமைப்பது என்று சொல்லிக்கொண்டனராம். மினா பெக்டர் என்னும் மூதாட்டி அம்முறைகளின் தொகுப்பொன்றை விட்டுச்சென்றார். அவர் 1944இல் அங்கேயே இறந்தார். அத்தாள்கள் ஏறத்தாழ 25 ஆண்டுகள் பல கை மாறி நியூயோர்க்கில் வாழ்ந்த மகளை அடைந்தன. 1996இல் நூலாகவும் வெளிவந்தன. உண்ண ஒன்றுமில்லாத இடத்தில் உணவைப் பற்றிப் பேசியது வீண்பேச்சா? தம்மை மனிதரல்லர் என்று கருதியவர்முன், எமக்கும் வீடிருந்தது, விருந்தினர் இருந்தனர் என்று அவர்கள் எழுதிவைத்த சாட்சி அது.

நம்மிடையே கஞ்சியும் அத்தகைய சாட்சியாகியுள்ளது. 2009இல் முள்ளிவாய்க்காலில் முற்றுகைப்பட்ட மக்களின் உயிர்காத்த கஞ்சி, பின்னாளில் நினைவுக் கஞ்சியாயிற்று. 2024 மே மாதம் இதே மாவட்டத்துச் சம்பூரில் அதனைக் காய்ச்சி வழங்கியமைக்காகப் பெண்கள் மூவர் உட்பட நால்வர் கைதாகிப் பின்னர்ப் பிணையில் விடப்பட்டனர். அரிசியும் நீரும் உப்பும் கலந்த ஒரு பானை இத்தனை பேசுமாயின், அடுப்படிப் பேச்சு அற்பமானது என்று இனியும் எவர் சொல்வார்?

இங்கே ஒரு தடை எழக்கூடும். அடுப்படியைப் போற்றுவது பெண்ணை மீண்டும் அடுப்படிக்குள் அடைப்பதாகாதா? நேர்மையான கேள்வி. புகையில் நின்று சமைப்பது கவிதையன்று. வீட்டுக்குள் எழும் காற்று மாசினால் 2020இல் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் எரிவாயு கிடைக்காமல் நம் நாட்டு நகரப் பெண்களும் விறகுக்குத் திரும்பினர். அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அந்நாட்களில் எதைக் குறைப்பது, யாருக்குக் குறைப்பது என்று கணக்கிட்டவர்கள் பெண்களே. பெரும்பாலும் தமக்கே குறைத்துக்கொண்டனர். இதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்கிறேன். உழைப்பை எழுதாமற் சுவையை மட்டும் எழுதுவது விருந்துண்டு கைகழுவுவது போன்றது. பதிவு செய்வது ஒருத்தியை ஓரிடத்திற் கட்டிவைப்பதாகாது. அவள் அறிவை அவள் பெயரில் வைப்பதாகும். அதனைக் கற்பதற்கு ஆண்பிள்ளைகளுக்கும் தடையில்லை.

பதிவு செய்தால் என்ன விளையும் என்பதற்குத் தமிழிலேயே எடுத்துக்காட்டுண்டு. எஸ். மீனாட்சி அம்மாள் தம் உறவினர் கேட்டதற்கெல்லாம் கடிதத்திற் சமையல் முறை எழுதி வந்தவர். அந்தக் கைப்பக்குவம் 1951இற் 'சமைத்துப் பார்' என்னும் நூலாயிற்று. தலைமுறைகள் கடந்தும் புதுமணப் பெண்களுக்கு வழிகாட்டியாயிற்று. ஆயினும் ஒரு குடும்பத்தின் நூல் எல்லாக் கரைகளுக்கும் பேச இயலாது. சூடை மீனையும் நோன்புக் கஞ்சியையும் குச்சவெளிதான் எழுத வேண்டும்.

அறுபதுகளில் ஈழத்து இலக்கிய உலகம் மரபு பற்றியும் மண்வாசனை பற்றியும் கடுமையாக விவாதித்தது. பேச்சுவழக்கு கதையில் இடம்பெறலாமா என்று பண்டிதரும் எழுத்தாளரும் மோதினர், பேச்சுவழக்கு வென்றது. நாட்டார் பாடல்களும் தொகுக்கப்பட்டன. வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல் ஏடேறிற்று. அவ்வலையிற் பட்ட மீனை உலையேற்றியவளின் சொல் இன்னும் வெளியிலேயே நிற்கிறது.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. அடுத்த கட்டுரைப் பயிற்சிக்குத் தேசப்பற்றையும் நேர முகாமைத்துவத்தையும் ஒருமுறை ஒதுக்கிவைத்து, "எங்கள் வீட்டு விருந்து" என்று தலைப்பிடுங்கள். மாணவர் தம் பாட்டியிடமோ அயலவரிடமோ ஒரு சமையலைக் கேட்டு, அவர் அனுமதியுடன், அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிவரட்டும். 'ஆணம்' என்று முஸ்லிம் வீட்டில் சொன்னால் அதனைக் 'குழம்பு' என்று திருத்தாதீர்கள். இலக்கிய வட்டங்கள் ஆண்டுக்கொருமுறையேனும் மேடையைச் சமைப்போருக்குக் கொடுக்கட்டும். அன்றைய தேநீரை நாம் ஊற்றுவோம்.

இதனை இத்துணை வற்புறுத்துவதற்கு என் சொந்தக் குற்றமும் காரணம். என் தாயார் வைக்கும் திருக்கைக் கறியின் சுவை இன்றும் என் நாவில் உண்டு. அதன் பக்குவம் எங்குமில்லை. நன்னூற் சூத்திரங்களை மனனம் செய்த நான், எட்டடி தூரத்தில் இருந்த அடுப்பை நோக்கி, "அம்மா, இதில் என்ன சேர்த்தீர்கள்?" என்று ஒருநாளும் கேட்டேனில்லை.

குடிபூரல் இனிதே முடிந்தது. சோறு மிஞ்சவுமில்லை, பற்றவுமில்லை என்று சொல்ல இடமின்றி அமைந்தது. விடைபெறும்போது மாணவியின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பதினான்கு பக்கங்கள் நிறைந்திருந்தன. ஓரிடத்தில், 'உப்பு' என்பதற்கு எதிரே அளவு எழுதாமல், "ஆச்சியின் கை" என்று எழுதியிருந்தாள். அந்தக் கை இருக்கும்போதே அவள் அதனை அளந்துகொள்வாள் என்று நம்புகிறேன். மற்றவர்களும் தத்தம் வீட்டில் இன்றே தொடங்குவார்களாக.