தண்ணீர் எங்கே போகிறது?



கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவரிடம் இருப்பது ஒரு பழைய டீசல் லொறி. திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் மாவும் சிமெந்தும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளை, குருநாகல் என்று போய்வருகிறார். சில வாரங்களாக ஒவ்வொரு பயணத்துக்கும் ரேடியேட்டருக்கு நாலைந்து லீற்றர் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறதாம். கீழே ஒரு சொட்டும் காணோம். "ஹெட் கழற்ற வேண்டும்" என்று கராஜில் சொல்லிவிட்டார்கள். கையில் பணமில்லை. தன் நகையை வட்டிக்கு அடகு வைப்பதா என்பதுதான் அவருடைய கேள்வி.

வட்டி பற்றி மார்க்கம் சொல்வதை நீங்கள் அறிவீர்கள். அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கோளாறு ஹெட்டில்தான் என்று எப்படித் தெரிந்தது? சோதித்துப் பார்த்தா, ஊகித்தா? ஊகத்துக்காக நகை போகக் கூடாது.

இது ஒரு வீட்டின் பிரச்சினை மட்டுமல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டளவில்தான் அது படிப்படியாகத் தளர்ந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய லொறிகளைக் கட்டிக் காத்தே பல குடும்பங்கள் சோறு கண்டன. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு படகுப் பாதைக்குக் காத்திருக்கும் தொல்லை தீர்ந்தது. லொறித் தொழிலும் பெருகியது. கந்தளாய் தாண்டி, ஹபரணைக்கு முன், காட்டு யானை நடமாடும் இடத்தில் நடு இரவில் எஞ்சின் கொதித்து நின்றால் என்ன பாடு என்பதை லொறிக்காரரின் வீட்டார் அறிவார்கள்.

முதலில் பாதுகாப்பு. சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. 7 இறாத்தல் அழுத்தம் தாங்கும் மூடி என்றால் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது. ஏறத்தாழ 111 பாகை வரை பொறுக்கும். மூடியைத் திருகியதும் அழுத்தம் விழுந்து, அத்தனையும் ஒரே நொடியில் ஆவியாய்ச் சீறும். முகமும் கையும் வெந்துபோகும். மேல் ஹோஸ் கைக்குக் குளிர்ந்த பிறகே மூடியில் கை வையுங்கள்.

அடுத்து ஒரு கொப்பி போடுங்கள். இது வீட்டிலிருப்பவர்களும் செய்யக்கூடிய வேலை. காலையில் குளிர்ந்த எஞ்சினில் அளவு வரை தண்ணீர் நிரப்பி, ஓடிய மைல் கணக்கையும் ஊற்றிய லீற்றரையும் எழுதுங்கள். இரவில் லொறிக்குக் கீழே பெரிய கார்ட்போர்ட் மட்டை விரித்து, காலையில் எந்த இடம் நனைந்திருக்கிறதென்று பாருங்கள். நின்ற இடத்தில் குறைகிறதா, ஓடும்போது குறைகிறதா என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

கீழே சொட்டவில்லை என்பதால் வெளியே ஒழுக்கு இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். சூடான இரும்பில் பட்ட நீர் நிலத்துக்கு வருமுன் காய்ந்துவிடும். வெள்ளையாகவோ, துருநிறமாகவோ, கூலன்ட் ஊற்றியிருந்தால் அதன் நிறத்திலோ கறை மட்டும் மிஞ்சும். ஓடும்போது விசிறிக் காற்று நீரைப் பின்னுக்குத் தள்ளும். நீர் கீழ்நோக்கி வழியும். ஆகையால் நனைந்த இடம் ஓட்டையின் இடமல்ல. கறையின் ஆக மேலான, ஆக முன்னால் உள்ள நுனியைத் தேடுங்கள். ஹோஸ் கிளிப், தெர்மோஸ்டாட் மூடி, ரேடியேட்டர் ஓரங்கள், புளொக்கின் பக்கத்தில் அடித்திருக்கும் தகட்டு அடைப்புகள் எல்லாவற்றையும் டோர்ச் பிடித்துப் பாருங்கள். வோட்டர் பம்பின் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். அதில் நீர் வந்தால் பம்பின் சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். துளையை அடைத்துவிடாதீர்கள், நமக்குச் சொல்வதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது.

ரேடியேட்டர் மூடியையும் சந்தேகியுங்கள். அதன் ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ ஓட்டை எதுவுமில்லாமலே தண்ணீர் வழிகுழாய் வழியாகப் போய்விடும். மாற்றிப் பார்க்க ஆகும் செலவு சிறிது.

பிறகு அழுத்தச் சோதனை. ரேடியேட்டர் வாயில் பொருத்தும் கைப்பம்பு நல்ல கராஜ்களில் உண்டு. குளிர்ந்த எஞ்சினில், மூடியில் எழுதியுள்ள அழுத்தம் வரை மட்டும் அடித்து, கால் மணி நேரம் முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள். முள் இறங்கி வெளியே எங்கும் ஈரமில்லையென்றால் நீர் உள்ளேதான் போகிறது.

உள்ளே என்றால் உடனே ஹெட் அல்ல. வழிகள் பல.

இரவு முழுதும் நின்ற லொறியில் சம்ப் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தினால், ஒயிலுக்கு முன் தண்ணீர் வருகிறதா என்று தெரியும். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். ரேடியேட்டரில் ஒயில் மிதந்தால் முதலில் ஒயில் கூலரைப் பார்க்க வேண்டும். ஓடும்போது ஒயிலின் அழுத்தம் நீரின் அழுத்தத்தை விட அதிகம். ஆகவே கூலரில் ஓட்டையிருந்தால் ஒயில் நீருக்குள் வரும். நின்ற பிறகு நீர் ஒயிலுக்குள் போகலாம்.

ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் விடாமல் குமிழி வருகிறதா? அப்படியானால் ஹெட் காஸ்கட் போயிருக்கலாம், ஹெட் வெடித்திருக்கலாம். ஆனால் எயார் பிரேக் உள்ள லொறி என்றால் இன்னொன்றும் உண்டு. பல லொறிகளில் எயார் கொம்பிரஸரும் எஞ்சின் நீரால்தான் குளிர்கிறது. அதன் சிறு காஸ்கட் போனாலும் காற்று நீருக்குள் புகுந்து இதே போலக் குமிழி வரும். எயார் டாங்கியைத் திறந்துவிட்டால் வழக்கத்தை விட அதிக நீர் வருகிறதா என்று பாருங்கள். கொம்பிரஸருக்குப் போகும் நீர்க் குழாய்களைக் கழற்றி அடைத்துவிட்டு, சிறிது நேரம் மட்டும் எஞ்சினை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். குமிழி நின்றால் குற்றவாளி அதுதான். ஹெட் கழற்றும் செலவெங்கே, இந்தச் செலவெங்கே!

வெள்ளைப் புகையை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எரியாத டீசலும் வெள்ளையாய்ப் புகையும்; ஆனால் அது கண்ணைக் கரிக்கும். காலையில் ஸ்டார்ட்டர் ஒரு தட்டுத் தட்டி நின்றுவிட்டால் பலவந்தப்படுத்தாதீர்கள். சிலிண்டருக்குள் நீர் தேங்கியிருந்தால் கனெக்டிங் ரொட் வளைந்துவிடும்.

செய்யக் கூடாதவை சில. ஓட்டை அடைக்க மஞ்சள் தூள் கொட்டுவது ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அடைத்துவிடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் மருந்தல்ல. கொதித்த எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் நல்ல ஹெட்டும் வெடிக்கும். நீர் முழுதும் போய்விட்டால் சூடு காட்டும் முள் இறங்கிக்கூட நிற்கும். அதை நம்பி ஓட்டாதீர்கள். நம் கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர் நீர். அது உள்ளிருந்தே இரும்பை அரிக்கும். வடித்த நீரில் எஞ்சினுக்கு உரிய கூலன்டைக் கலந்து ஊற்றுங்கள். நம் நாட்டில் நீர் உறையாதே என்று நினைக்க வேண்டாம். துருவைத் தடுப்பதும் அதன் வேலைதான்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். கூலன்ட் பெரும்பாலும் இனிப்பான நஞ்சு. அதைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்க விடாதீர்கள். நிலத்தில் சிந்தினால் உடனே கழுவுங்கள். பிள்ளையும் பூனையும் ருசி பார்க்கும்.

சகோதரியே, மேலே சொன்னவற்றை வரிசையாகச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் பார்த்து ஹெட்தான் என்று உறுதியானால், செய்யத்தான் வேண்டும். அப்போதும் வட்டிக் கடைக்குப் போகுமுன் உறவினரிடமும் பள்ளிவாசல் நிர்வாகத்தாரிடமும் வட்டியில்லாக் கடன் கேட்டுப் பாருங்கள்.

"பேசாமல் நீர் நிரப்பி விற்றுவிடுவோம்" என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். இந்தச் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. மறைத்த ஒழுக்கும் அப்படிப்பட்ட ஈரமே. விற்பதானால் சொல்லி விற்போம். விலை குறையலாம், பரக்கத் குறையாது, இன்ஷா அல்லாஹ்.