உப்பு நிலத்துக்கு 'பாக்டீரியா காப்ஸ்யூல்': வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

திருவனந்தபுரம் வெள்ளாயணி வேளாண் கல்லூரி உருவாக்கிய 'பிஜிபிஆர் மிக்ஸ்-1' கேரள விவசாயிகளுக்குப் பழக்கமான பெயர். பயிருக்கு நைட்ரஜனைப் பிடித்துத் தரும், பாஸ்பரஸைக் கரைத்துத் தரும் நுண்ணுயிர்கள் கலந்த பவுடர் அது. உயிர் உரம் எதுவாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: பாக்கெட்டைப் பிரிக்கும்போது உள்ளே எத்தனை உயிரோடு இருக்கின்றன? உங்கள் நிலம் உப்பாக இருந்தால் இன்னொரு கேள்வியும் சேரும்: மண்ணில் விழுந்த பிறகு எத்தனை பிழைக்கும்?

இரண்டுக்கும் 'காப்ஸ்யூல்'தான் தீர்வு என்று இப்போது சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரில் இரண்டு வேறு வேறு பொருட்கள் இருக்கின்றன. குழப்பமே அங்கேதான்.

உப்பை பாக்டீரியா என்ன செய்யும்?

உப்பை அள்ளி வெளியே போடாது. அதை முதலில் தெளிவாக்கிவிடலாம். உப்பில் தவிக்கும் பயிர் எத்திலீனை அதிகமாகச் சுரக்கும். வேர் வளர்ச்சி நின்றுபோகும். சில பாக்டீரியாக்களிடம் 'ஏசிசி டிஅமினேஸ்' என்ற என்சைம் இருக்கிறது. எத்திலீனாக மாறவேண்டிய மூலப்பொருளை அது சிதைத்துவிடுவதால், வேர் தொடர்ந்து வளரும். வேறு சில, வேரைச் சுற்றிக் கொழகொழவென ஒரு படலத்தை உண்டாக்கி சோடியத்தைப் பிடித்து வைக்கும்.

எந்த காப்ஸ்யூல்?

முதலாவது, கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'பயோகாப்ஸ்யூல்'. பார்க்க மருந்துக்கடை மாத்திரை மாதிரியே இருக்கும். எடை சுமார் 1 கிராம்தான். 1 கிலோ பவுடருக்கோ 1 லிட்டர் திரவத்துக்கோ ஈடானது என்கிறது அந்த நிறுவனம். சேமிக்க, அனுப்ப ரொம்ப வசதி. ஆனால் அதை நீரில் கரைத்துத்தான் வயலில் விடுகிறோம். ஆக, மண்ணுக்குப் போகும்போது பாக்டீரியாவுக்குக் கவசம் கிடையாது.

இரண்டாவது, ஆல்ஜினேட் மணி. ராமநாதபுரம் கடலோரத்தில் சேகரிக்கிறார்களே, சர்காசம் போன்ற பழுப்புக் கடற்பாசி, அதிலிருந்து எடுப்பதுதான் ஆல்ஜினேட். அந்தக் கரைசலில் பாக்டீரியாவைக் கலந்து, கால்சியம் குளோரைடு நீரில் சொட்டுச் சொட்டாக விட்டால் ஜவ்வரிசி போல உருண்டு நிற்கும். இது மண்ணில் கிடந்து, பாக்டீரியாவை மெதுவாக வெளியே விடும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மணியை இறுக்கிப் பிடித்திருப்பது கால்சியம். உப்பு மண்ணில் சோடியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, மணி உப்பித் தளர்ந்துவிடும். எந்த உப்புக்குப் பயந்து கவசம் போட்டோமோ, அதே உப்புதான் கவசத்தையும் கழற்றுகிறது! அதனால்தான் களிமண், ஸ்டார்ச், இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் ஆகியவற்றைச் சேர்த்து மணியை வலுவாக்க ஆய்வுகள் நடக்கின்றன.

உங்கள் மண் எது?

இந்தியாவில் உப்பால் பாதிக்கப்பட்ட நிலம் சுமார் 67 லட்சம் ஹெக்டேர். கேரளத்தில் சுமார் 20,000 ஹெக்டேர். அது கடல்நீர் ஏறும் உவர் நிலம். தமிழ்நாட்டின் சுமார் 3.68 லட்சம் ஹெக்டேரில் 3.5 லட்சத்துக்கும் மேல் களர் நிலம், அதாவது சோடியமும் காரத்தன்மையும் மிகுந்தது. களரில் ஜிப்சம் போடாமல் பாக்டீரியாவை மட்டும் நம்புவது வீண் செலவு என்பது என் கருத்து. உவர் நிலத்தில் உப்பை முதலில் கழுவ வேண்டும். எர்ணாகுளம் பக்கத்துப் பொக்காளி வயல்களில் அந்த வேலையை ஜூன் மழை செய்கிறது; அதன் பிறகுதான் நெல், அறுவடைக்குப் பின் இறால். பொக்காளியில் நன்றாக வேலை செய்யும் ஒரு பாக்டீரியா திருச்சி களரிலும் செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

2006 முதல் உயிர் உரங்கள் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருகின்றன. பவுடர் என்றால் கிராமுக்கு குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். ஆனால் இது பாக்கெட்டில் எண்ணும் கணக்கு. உங்கள் வயலில் எண்ணியது இல்லை. எனவே 'உப்பைத் தாங்கும்' என்று லேபிளில் பார்த்தால், எந்த மண்ணில், எவ்வளவு உப்பில் சோதித்தார்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் கிருஷி பவனிலோ வேளாண் அறிவியல் மையத்திலோ கேட்கலாம். அதற்கு முன் மண் பரிசோதனை செய்து, மின்கடத்தும் திறன், பிஎச் இரண்டையும் குறித்துக்கொண்டு போங்கள்.