மறைத்து நிறுத்தும் மாத்திரை

மாரடைப்பிலிருந்து மீண்டவருக்கு எழுதித் தரப்படும் மருந்துச் சீட்டில், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை அநேகமாகத் தவறாமல் இடம்பெறுகிறது. அதைப் பெற்றுச் செல்வோரில் கணிசமானோர் சில மாதங்களில் தாமாகவே நிறுத்திவிடுகின்றனர். தொடை வலிக்கிறது என்பார் ஒருவர். கல்லீரல் கெட்டுவிடுமாம் என்பார் மற்றொருவர். அளவுதான் இயல்புக்கு வந்துவிட்டதே, இனி எதற்கு என்போரும் உண்டு. இயல்புக்குக் கொண்டுவந்தது அந்த மாத்திரைதான் என்பதை அவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை. நிறுத்தியதை மருத்துவரிடம் தெரிவிப்போர் மிகச் சிலரே. நாம் அஞ்சுவது இந்த மௌனத்தைத்தான்.

ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சை வகைகளைச் சோதித்து, 1973இல் இம்மருந்தினத்தின் முதல் மூலப்பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் பயனை ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டியது 1994இல் வெளிவந்த ஸ்காண்டிநேவிய ஆய்வு. ஏற்கெனவே இதயநோய் கண்டிருந்த 4,444 பேரில் ஒரு பாதியினர் சிம்வாஸ்டாட்டினும் மறுபாதியினர் மருந்தில்லாப் போலி மாத்திரையும் உட்கொண்டனர். ஐந்தாண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் போலி மாத்திரை உண்டோரில் 256 பேர் இறந்தனர். மருந்து உண்டோரில் 182 பேர். அந்த 74 உயிர்களின் வேறுபாட்டை எந்த வதந்தியாலும் அழித்துவிட முடியாது.

தீங்கே இல்லை என்று சாதிப்பதும் நேர்மையாகாது. செரிவாஸ்டாட்டின் என்ற மருந்து தசைகளைச் சிதைத்துச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்த காரணத்தால், ஐம்பதுக்கும் மேற்பட்ட மரணங்களுக்குப் பின், 2001 ஆகஸ்டில் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. இன்று வழக்கிலுள்ள மருந்துகளில் அத்தகைய தசைச் சிதைவு மிக அரிது. எனினும் வேறு மருந்துகளுடன் சேரும்போது அபாயம் உயர்கிறது. நம் ஊர்களில் படர்தாமரைக்கு வாரக்கணக்கில் தரப்படும் இட்ராகோனசோல் அவற்றுள் ஒன்று. தோல் மருத்துவரிடம் செல்வோர் கொழுப்பு மாத்திரை உண்பதைச் சொல்வதில்லை. பல வேளைகளில் அவரும் கேட்பதில்லை. சர்க்கரை நோய் பற்றிய அச்சத்திலும் உண்மை உண்டு. 255 பேர் நான்காண்டுகள் ஸ்டாட்டின் உட்கொண்டால் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை நோய் வரும் என்று 2010இல் 13 ஆய்வுகளின் தொகுப்பு கணித்தது. ஏற்கெனவே சர்க்கரையின் விளிம்பில் நிற்போரே பெரும்பாலும் அதற்கு ஆளாகின்றனர். மாரடைப்பு அபாயம் மிகுந்தவர்களும் அவர்களே ஆதலின், மருந்தை விடுவது அவர்களுக்குத் தீர்வாகாது.

எல்லாவற்றினும் மிகுதியாகச் சொல்லப்படும் தசைவலி பற்றி லண்டன் இம்பீரியல் கல்லூரி அறிஞர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு ஆழ்ந்து நோக்கத்தக்கது. பக்க விளைவு தாளாமல் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேரிடம் ஆளுக்குப் பன்னிரண்டு குப்பிகள் தரப்பட்டன: நான்கில் மருந்து, நான்கில் போலி மாத்திரை, நான்கு வெறுமை. மாதம் ஒரு குப்பி. எந்த மாதம் எது என்பது முன்கூட்டித் தெரியாது. நாள்தோறும் தம் துன்பத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று அவர்கள் மதிப்பிட்டனர். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8. மருந்து உண்ட மாதங்களில் 16.3, போலி மாத்திரை உண்ட மாதங்களில் 15.4. வலி மெய்யாகவே வந்தது. அதைப் பெரும்பாலும் வரவழைத்தது மருந்தன்று, மாத்திரை விழுங்குகிறோம் என்ற அச்சம். தம் கணக்கைத் தாமே கண்ட பின், அவர்களில் பாதிப்பேர் மீண்டும் மருந்தைத் தொடங்கினர்.

இந்த அச்சத்தை ஊதிப் பெருக்கியதன் விலையைப் பிரிட்டன் அறியும். 2013இல் அங்குள்ள முன்னணி மருத்துவ இதழொன்றில் வந்த இரு கட்டுரைகள், ஸ்டாட்டின் உண்போரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குப் பக்க விளைவு நேர்வதாகக் கூறின. நாளேடுகள் அதை முழங்கின. அடுத்த ஆண்டே அந்த எண்ணிக்கை பிழையென்று திரும்பப் பெறப்பட்டது. எனினும் அந்தச் செய்திகளால் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மருந்தை நிறுத்தியிருக்கக்கூடும் என்று பின்னர் வந்த ஆய்வு மதிப்பிட்டது. கைப்பேசியில் வரும் செய்தியைச் சரிபாராமல் அடுத்தவருக்கு அனுப்புவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அச்சம் காரணம் என்பதால், வலியென்று வருபவரை 'எல்லாம் மனப்பிரமை' என்று தட்டிக் கழிக்கும் உரிமை எந்த மருத்துவருக்கும் கிடைத்துவிடாது. தரையில் அமர்ந்தவர் கையூன்றாமல் எழ முடியவில்லை என்றால், இரு தொடைகளும் ஒருசேர நோகின்றன என்றால், சிறுநீர் கறுத்துப் போகிறது என்றால் அன்றே ரத்தத்தில், தசைச் சிதைவைக் காட்டும் சிகே (கிரியேட்டின் கைனேஸ்) அளவைப் பார்க்க வேண்டும். தைராய்டு சுரப்பு குன்றியவருக்குக் கொழுப்பும் ஏறும், தசையும் வலிக்கும். அதையும் சோதிக்க வேண்டும். மாத்திரையின் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம், எசெடிமிப் போன்ற பிறவகை மருந்தையும் நாடலாம். இதய நோயே இல்லாதவருக்கு, அறிக்கையில் ஓர் எண் சற்று உயர்ந்த காரணத்தால் மட்டும் எழுதப்படும் மாத்திரையின் பயன் சிறிது. அவர் 'எனக்கு இது தேவைதானா?' என்று கேட்டால், வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம் அனைத்தையும் கணக்கிட்டு விடை கூறுவது மருத்துவரின் கடமை. அந்தக் கேள்விக்கு நேரமில்லை என்னும் மருத்துவம், பாதி மருத்துவமே.

மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்களையும், இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களையும் நாம் வேண்டிக்கொள்வது இதுதான்: மாத்திரையை நிறுத்தும் எண்ணம் எழுந்தால், நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் செல்லுங்கள். முன்னரே நிறுத்தியிருந்தால், அதை மறைக்காமல் இந்த வாரமே அவரிடம் சொல்லுங்கள்.