மூன்றெழுத்து ராட்சசன்

கிருஷ்ணகிரி மாவட்டத்திலுள்ள தளிக்கு 'குட்டி இங்கிலாந்து' என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. அங்குள்ள குளிர்ச்சியைக் கண்டு மயங்கிய வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் என்பார்கள். வெள்ளைக்காரர்கள் 1947-ல் போய்விட்டார்கள். அவர்களுடைய பாஷை போகவில்லை!

அந்தப் பாஷையில் 'செட்' என்று ஒரு சொல். ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றே எழுத்து. ஆனால் அது பார்க்கும் வேலைகளோ எண்ணி முடியாது.

தளியிலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போகிறவர் காலையில் ஓட்டலில் 'செட் தோசை' கேட்கிறார். எல்லை தாண்டி வந்த கர்நாடகப் பலகாரம் அது. தட்டில் தனியாக வராது. இரண்டு மூன்றாகச் சேர்ந்தே வரும். ஆகவே 'செட்'! தொழிற்சாலைக்குள் நுழைந்ததும், "மெஷினை செட் பண்ணு" என்கிறார் மேலாளர். இங்கே அது, அளவு பார்த்துப் பொருத்துவது. ஓசூரில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை இருக்கிறது. கடிகாரத்துக்கு 'செட்' என்றால், முள்ளைச் சரியான நேரத்துக்குத் திருப்புவது. தோட்டத்தில் 'பம்ப் செட்'. திருவிழாவில் 'மைக் செட்'. தக்காளித் தோட்டத்தில் விவசாய அதிகாரி 'செட்' என்றால், பூ காயாகப் பிடிப்பதைச் சொல்கிறார். பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் "செட் ஆகவில்லை" என்றால், பேச்சு முடிந்தது என்று அர்த்தம்!

இதெல்லாம் நம் ஊர்க் கதை. அதன் சொந்த வீட்டில் கேட்க வேண்டுமா? சூரியன் மறைவதும் 'செட்'. சிமெண்ட் இறுகுவதும் 'செட்'. முறிந்த எலும்பை டாக்டர் கூட்டுவதும் 'செட்'. 'அப்' சேர்த்தால் நிறுவுவது. 'ஆஃப்' சேர்த்தால் புறப்படுவது. 'அசைட்' சேர்த்தால், கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பை மேல்கோர்ட்டு ரத்து செய்வது. 1989-ல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு இந்தச் சொல்லுக்குத்தான். சுமார் 430 பொருள்கள்! பிறகு 'ரன்' என்ற சொல் 645 பொருள்களோடு அதை முந்திவிட்டது.

பழமொழியிலும் அது புகுந்திருக்கிறது. திருடனைப் பிடிக்கத் திருடனையே 'செட்' பண்ணு என்பார்கள் ஆங்கிலேயர். 'பாம்பின் கால் பாம்பறியும்' என்கிறோம் நாம். பெரிதாக எதையும் சாதிக்கமாட்டான் என்பதற்கு, 'அவன் தேம்ஸ் நதிக்குத் தீ வைக்கமாட்டான்' என்பது அவர்கள் வழக்கு. நம்மவன் வானத்தை வில்லாக வளைக்கமாட்டான்!

இவ்வளவு பெரிய சொல்லுக்குப் பள்ளிப் பிள்ளையின் நோட்டில் என்ன எழுதியிருக்கிறது? 'செட் - வை'. அவ்வளவுதான். அதைப் பத்துத் தடவை எழுதி மனப்பாடம் செய்கிறான். அடுத்த பாடத்தில் சூரியன் 'செட்' ஆகும்போது, சூரியன் எதை வைக்கிறது என்று தெரியாமல் விழிக்கிறான். 'மக்கு' என்று பெயர் வாங்குகிறான். அவனே வளர்ந்து, தொழிற்சாலையில் இயந்திரத்தின் மேலுள்ள குறிப்பைப் படிக்கும்போதும் விழிக்கிறான். அங்கே போவது மதிப்பெண் அல்ல, வேலை. சில சமயம் விரலும் போகும். குற்றம் அவனுடையதா? ஒரு சொல்லுக்கு ஒரே அர்த்தம் என்று சொல்லிக் கொடுத்த முறையினுடையது.

தமிழில் 'படி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பாடத்தைப் படிக்கிறோம், வாசற்படியில் உட்காருகிறோம், அரிசியைப் படியால் அளக்கிறோம், உத்தியோகஸ்தர் பயணப்படி வாங்குகிறார். எந்தக் குழந்தையாவது இதை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்ததுண்டா? வீட்டில் பேச்சோடு பேச்சாக வந்தது. தளிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சாமர்த்தியம் இன்னும் அதிகம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று மாறி மாறிப் பேசும் பிள்ளைகள் அங்கே எத்தனையோ பேர். அவர்களுக்கா ஆங்கிலம் வராது?

ஆகவே ஆசிரியர்கள் கரும்பலகையில் சொல்லைத் தனியாக எழுத வேண்டாம், வாக்கியமாக எழுதட்டும். ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம் போதும். 'செட் தோசை'யிலிருந்தே ஆரம்பிக்கலாம். அதற்கு அர்த்தம் தெரியாத பிள்ளை அந்த வட்டாரத்தில் இல்லை!