உள்ளே வருவதற்கு ஏன் 'அவுட்' என்று பெயர்?

இந்தப் பதிவைக் கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று பத்து நாள் பொறுத்தேன். ஆறவில்லை. ஆகவே எழுதிவிடுகிறேன்.

விஷயம் ஹோம் தியேட்டர் பற்றியது. பென்ஷன் வாங்குகிறவனுக்கு ஹோம் தியேட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். ஆசைப்பட்டு வாங்கியது இல்லை. எங்கள் பழைய டப்பா டி.வி. போய், சுவரில் மாட்டும் தட்டை டி.வி. வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே புகார்: பேச்சு புரியவில்லை. தட்டை டி.வி.யில் ஸ்பீக்கர் வைக்க இடம் ஏது? சின்னதாக இரண்டை அடிப்பக்கத்தில் செருகிவிடுகிறார்கள். நம் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசுகிற ஆள் மாதிரி அது பேசும். என் மனைவிக்கு எழுபது வயது. "என்ன சொன்னான், என்ன சொன்னான்" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். மகன் லீவில் வந்தபோது இதைப் பார்த்துவிட்டு, ஒரு ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர், ஒரு ஊஃபர் என்று வாங்கி வைத்துவிட்டுப் போனான்.

அந்த ஐந்தில் டி.வி.க்கு நேர் கீழே படுக்கவைப்பது நடு ஸ்பீக்கர். பேச்சு பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வரவேண்டும். பாட்டும் பின்னணி இசையும் இடது வலதில், மழையும் ஊர்க்கூட்டமும் பின்னால். காது மங்கியவர்களுக்கு இதுதான் பெரிய வசதி. இசையைத் தொடாமல் பேச்சை மட்டும் கூட்டிக்கொள்ளலாம். மகன் இதைத் தெரிந்துதான் வாங்கினான்.

மகன் கிளம்பிய மறுநாள் கடையிலிருந்து மாட்டிக் கொடுக்க ஒரு பையன் வந்தான். பெயர் பெற்ற கடைதான், பெயர் வேண்டாம். நல்ல பையன். காபி கொடுத்தோம். "ஒரே கம்பி சார், எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்" என்றான். ரிசீவரிலிருந்து டி.வி.க்கு எச்.டி.எம்.ஐ. கம்பியைச் செருகினான். சத்தம் வரவில்லை. பிடுங்கிச் செருகினான். வரவில்லை. போனில் யாரிடமோ பேசினான். கடைசியில் பையிலிருந்து ஒரு பக்கம் சிவப்பு-வெள்ளை, மறு பக்கம் ஒற்றைப் பின் வைத்த ஒரு வயரை எடுத்து, டி.வி.யின் ஹெட்போன் துளையில் ஒரு முனை, ரிசீவரின் 'ஆக்ஸ்' துளையில் மறு முனை என்று மாட்டினான். சத்தம் வந்தது. "அவ்ளோதான் சார்." கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். நானும் கையெழுத்துப் போட்டேன். 34 வருஷம் அரசாங்க ஆபீசில் குப்பை கொட்டியவன், சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்!

அதற்குப் பிறகு ஆறு வாரம். சத்தம் பெரிதாக வந்தது, ஆனால் இடது வலது இரண்டில் மட்டும்தான். நடு ஸ்பீக்கர் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் கவனிக்கவில்லை. நான் நடுவில் உட்காருகிறவன், எனக்கு எல்லாம் நடுவிலிருந்து வருவது போலவே கேட்கும். என் மனைவி உட்காருவது ஜன்னலோரம், இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில். அவளுக்குப் பாட்டு, தவில், இடி, வசனம் எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். முன்பாவது "என்ன சொன்னான்" என்று கேட்பாள். இப்போது கேட்பதையும் விட்டுவிட்டாள். "நீங்க பாருங்க, எனக்கு வேலை இருக்கு" என்று உள்ளே போய்விடுவாள். பிள்ளை அவ்வளவு செலவு செய்து வாங்கிக் கொடுத்தும் கேட்கவில்லை என்றால் தன் காது போய்விட்டது என்று அவளாக முடிவு கட்டிக்கொண்டிருக்கிறாள். ஒருநாள் மெதுவாக, "காது மெஷின் என்ன விலை இருக்கும்?" என்று கேட்டாள்.

காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். வயதுக்குத் தகுந்த குறைதான், இப்போதைக்கு மெஷின் வேண்டாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து டி.வி.யைப் போட்டுவிட்டு ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் போய்க் காதை வைத்தேன். நடு ஸ்பீக்கர் மூச்சு விடவில்லை.

கடையின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "வயசானவங்களுக்கு இந்த செட்டிங்ஸ் கொஞ்சம் கஷ்டம் சார். வீட்ல யங்ஸ்டர்ஸ் யாராவது இருந்தா போனைக் குடுங்க" என்றாள்.

என் கோபம் இங்கேதான் ஆரம்பம். தப்பாக மாட்டிவிட்டுப் போனது யங்ஸ்டர். ஆறு வாரம் தன்னைச் செவிடு என்று நினைத்துக்கொண்டவள் என் மனைவி. கஷ்டம் மட்டும் வயசானவர்களுடையதா?

டார்ச், பூதக்கண்ணாடி, ஒரு வெள்ளைத்தாள் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரிசீவரின் முதுகைப் பார்த்திருக்கிறீர்களா? கருப்புத் தகட்டில் முப்பது நாற்பது துளை. டி.வி.யின் முதுகு இன்னும் மோசம். கருப்பு பிளாஸ்டிக்கில் கருப்பாகவே எழுத்தை அச்சடித்திருக்கிறார்கள், அதுவும் சுவரைப் பார்த்தபடி. ஒவ்வொன்றாகத் தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். ரிசீவரில் 'எச்.டி.எம்.ஐ. இன்' என்று நான்கு. 'எச்.டி.எம்.ஐ. அவுட்' என்று ஒன்று, அதன் பக்கத்தில் சின்னதாக 'ஏ.ஆர்.சி.' டி.வி.யில் 'எச்.டி.எம்.ஐ. இன்' மூன்று, இரண்டாவதன் பக்கத்தில் மட்டும் அதே மூன்று எழுத்து.

ஏ.ஆர்.சி. என்றால் ஆடியோ ரிட்டர்ன் சேனல், அதாவது சத்தம் திரும்பி வரும் வழி. இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். டி.வி.யில் ஓடும் சத்தம் ரிசீவருக்குள் போக வேண்டும். எந்தத் துளை வழியாக? ரிசீவரில் 'அவுட்' என்று எழுதியிருக்கிறதே, அதன் வழியாகத்தான் உள்ளே வருகிறது. டி.வி.யில் 'இன்' என்று எழுதியிருக்கிறதே, அதன் வழியாகத்தான் வெளியே போகிறது!

நான் உத்தியோகத்தில் சேர்ந்த முதல் ஆறு வருஷம் தபால் பிரிவு. இன்வர்ட் ரிஜிஸ்டர் ஒன்று, அவுட்வர்ட் ரிஜிஸ்டர் ஒன்று. வந்த கடிதத்தை அவுட்வர்டில் பதிந்திருந்தால் சூப்பரின்டெண்ட் என்னை மெமோவோடுதான் வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அதற்கும் முன்னால், பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். இன்றும் கடையில் சில்லறை எண்ணும்போது மனசுக்குள் 'அன், தெ, த்ருவா' என்றுதான் ஓடும். வாசலில் 'ஆந்த்ரே' என்று இருந்தால் நுழைய வேண்டும், 'சொர்த்தி' என்று இருந்தால் வெளியேற வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த குழந்தைக்கு இது போதும். இந்தக் கம்பெனிக்காரர்களுக்குப் போதவில்லை.

இது எப்படி நேர்ந்தது என்று தேடிப் படித்தேன். எச்.டி.எம்.ஐ. விதிமுறை முதலில் வந்தது 2002 டிசம்பரில். அப்போது படமும் சத்தமும் ஒரே திசையில்தான் போயின, பிளேயரிலிருந்து ரிசீவருக்கு, ரிசீவரிலிருந்து டி.வி.க்கு. அப்போது 'இன்', 'அவுட்' என்றால் சரிதான். டி.வி.யின் சொந்தச் சத்தம் ரிசீவருக்குத் திரும்ப வேண்டுமானால் தனியாக இன்னொரு வயர் போடவேண்டும். 2009-ல் 1.4 என்ற பதிப்பில், அதே கம்பியிலேயே சத்தத்தைத் திருப்பி அனுப்ப வழி செய்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாதை இருவழியான பிறகும் ஒருவழிப் பலகையை மாற்றவில்லை. ஓரத்தில் மூன்று எழுத்தைச் சேர்த்துவிட்டு, தெரிந்தவன் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். 2017-ல் 2.1 வந்தபோது அந்த மூன்றுக்கு முன்னால் சின்ன 'ஈ' ஒன்றையும் சேர்த்தார்கள்.

கடைப் பையன் செய்த தப்பு இதுதான். எங்கள் டி.வி.யில் ஏ.ஆர்.சி. உள்ள துளையில் ஏற்கெனவே செட்-டாப் பாக்ஸ் மாட்டியிருந்தது. காலியாக இருந்த முதல் துளையில் அவன் ரிசீவரைச் செருகினான். அந்தத் துளை சத்தத்தைத் திருப்பி அனுப்பாது. மூன்று துளையும் பார்க்க ஒரே மாதிரி, மூன்றிலும் 19 முனை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை என்றுகூடத் தோன்றுகிறது.

முன்னேற்றத்தைத் திட்டுகிறான் கிழவன் என்று நினைக்காதீர்கள். பழைய மஞ்சள்-வெள்ளை-சிவப்பு வயர்களின் சிக்கல் எனக்குத் தெரியும். வி.சி.டி. பிளேயருக்கும் டி.வி.க்கும் பின்னால் பாம்புப் புற்று மாதிரி கிடக்கும். ஆனாலும் மஞ்சளை மஞ்சளில் செருகினால் படம் வரும். படிக்கத் தெரியாதவர்கூட மாட்டலாம்.

ஒரே பிளக் என்பதும் புதிதில்லை. 1962-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பங்கள் நம் பாண்டியில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். என் பெரியப்பா மகனும் அதில் ஒருவர். 1988-ல் பாரிஸ் பக்கம் அவர் வீட்டில் ஒரு மாதம் தங்கினேன். அங்கே டி.வி.க்குப் பின்னால் கட்டை மாதிரி ஒரு பிளக், 21 முனை, பெயர் 'பெரிதெல்'. பிரான்சில் விற்கும் புது டி.வி.களில் அது இருந்தே ஆகவேண்டும் என்று 1980-லேயே கட்டாயமாக்கியிருந்தார்கள். படம், சத்தம் இரண்டும் அதே பிளக்கில் போகவும் செய்யும், வரவும் செய்யும். அண்ணி வீடியோ டெக்கில் கேசட்டைத் தள்ளுவார், டி.வி. தானாகவே அதற்கு மாறிக்கொள்ளும். அசிங்கமான பிளக், அடிக்கடி கழன்று வரும், இன்றைய துல்லியமான படத்துக்குத் தாங்காது, அதனால் ஓய்வுபெற்றுவிட்டது. ஆனால் இருவழிப் பிளக்கின் மேல் ஒருவரும் 'அவுட்' என்று எழுதவில்லை. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே பிளக் என்று அரசாங்கம் சொன்னது, கம்பெனிகள் கேட்டன.

இப்போது கம்பெனிகள் கேட்கின்றனவா என்று பாருங்கள். ஒரு ரிமோட்டால் டி.வி.யும் ரிசீவரும் சேர்ந்து இயங்க, எச்.டி.எம்.ஐ. கம்பிக்குள்ளேயே ஒரு ஏற்பாடு உண்டு. பொதுப் பெயர் சி.இ.சி. ஏ.ஆர்.சி. வேலை செய்யவும் பெரும்பாலும் இதை ஆன் செய்யவேண்டும். ஆனால் மெனுவில் அந்தப் பெயரைத் தேடினால் பல டி.வி.களில் கிடைக்காது. சாம்சங் அதை 'எனிநெட் பிளஸ்' என்கிறது. சோனிக்கு அது 'பிராவியா சிங்க்', எல்ஜிக்கு 'சிம்ப்லிங்க்', பானாசோனிக்குக்கு 'வியரா லிங்க்', பிலிப்ஸுக்கு 'ஈஸிலிங்க்'. ஒரே ஆளுக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர், வாக்காளர் பட்டியலில் ஒரு பெயர், பென்ஷன் புத்தகத்தில் ஒரு பெயர் என்றால் கருவூலத்தில் பணம் கொடுப்பார்களா?

"மேன்யுவலைப் படித்தால் தெரியுமே" என்று பக்கத்து வீட்டு இளைஞர் சொன்னார். பெட்டியில் இருந்தது மடித்த ஒரு தாளும் ஒரு கட்டம் போட்ட சதுரமும். அதைப் போனில் காட்டினால் ஆங்கிலத்தில் நூறு பக்கத்துக்கு மேல் திறக்கிறது. தமிழில் ஒரு வரி இல்லை. விற்கும்போது மட்டும் விளம்பரம் தமிழில் வருகிறது.

சரி, நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், உங்களுக்கும் உதவலாம். முதலில் எல்லாவற்றுக்கும் கரண்டை நிறுத்தினேன். செட்-டாப் பாக்ஸை டி.வி.யிலிருந்து கழற்றி ரிசீவரின் முதல் 'இன்'னில் மாட்டினேன், டி.வி.டி. பிளேயரை இரண்டாவதில். ரிசீவரின் அந்த 'அவுட்'டிலிருந்து டி.வி.யின் இரண்டாவது துளைக்கு, அதாவது ஏ.ஆர்.சி. என்று எழுதியதற்கு, ஒரே ஒரு கம்பி. ஹெட்போன் வயரைப் பிடுங்கி எறிந்தேன். பிறகு டி.வி., ரிசீவர் இரண்டின் மெனுவிலும் சி.இ.சி.யையும் ஏ.ஆர்.சி.யையும் ஆன் செய்தேன். டி.வி.யின் ஒலி மெனுவில் 'பி.சி.எம்.' என்று இருந்ததை 'ஆட்டோ' ஆக்கினேன். பி.சி.எம். என்று விட்டால் இந்த வழியில் இடது, வலது இரண்டு மட்டும்தான் திரும்பி வரும்.

இவ்வளவும் செய்தும் சீரியல் போட்டால் நடு ஸ்பீக்கர் ஊமைதான். அழுகையே வந்துவிட்டது. காரணம், நம் சேனல்களில் பெரும்பாலும் வருவதே இரண்டு தடச் சத்தம். அதைப் பிரித்துப் பேச்சை நடுவுக்கு அனுப்பும்படி ரிசீவருக்குச் சொல்லவேண்டும். ரிமோட்டில் 'ஸ்டீரியோ' என்று இருந்ததை 'டால்பி சரவுண்ட்' என்று மாற்றினேன். பழைய ரிசீவராக இருந்தால் 'ப்ரோ லாஜிக்' என்று இருக்கும். நடு ஸ்பீக்கர் பேசியது! அதை மட்டும் 3 டெசிபல் கூட்டி வைத்தேன்.

உங்கள் டி.வி.யில் ஏ.ஆர்.சி. இல்லையென்றால் ஆப்டிகல் வயர் போடுங்கள். 1983-ல் தோஷிபா கொண்டுவந்தது, ஒளியில் ஓடுவது. புது வயரின் இரண்டு முனையிலும் சின்ன பிளாஸ்டிக் குல்லாய் இருக்கும், அதைக் கழற்றிவிட்டுச் செருக வேண்டும். டி.வி.யில் 'அவுட்' என்று எழுதிய துளையிலிருந்து உண்மையாகவே சத்தம் வெளியே வரும். யோக்கியமான வயர்.

கடைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். மாட்ட வருகிற ஆள் எது எதில் போகிறது என்று ஒரு தாளில் படம் வரைந்து வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். ஒவ்வொரு ஸ்பீக்கரும் பேசுகிறதா என்று வீட்டுக்காரர் காதால் கேட்ட பிறகுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு. கம்பெனிகளுக்கும் நகல் போட்டிருக்கிறேன்: அந்தத் துளையில் 'டி.வி.க்கு' என்று எழுதுங்கள், போதும். 'அவுட்' வேண்டாம். தமிழ்நாட்டிலும் புதுவையிலும் விற்கிற பெட்டியில் தமிழில் நாலு பக்கம் வையுங்கள். கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிகிறது. பதில் வரவில்லை. வந்தால் இங்கே எழுதுகிறேன்.

நான் வரைந்த படத்தை டி.வி. அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். என் மனைவி மறுபடி ஜன்னலோரம் உட்காருகிறாள். நேற்று ராத்திரி சீரியல் முடிந்ததும், "ஏங்க, இவ்வளவு நாளா இந்த வசனத்தையா கேக்கலையேன்னு நான் கவலைப்பட்டேன்?" என்றாள்.