பென்ஷன் படிப்புக்கு 40,000 ரூபாயா? வேண்டாம் நண்பர்களே!

தஞ்சாவூர்லயோ கும்பகோணத்துலயோ எச்.ஆர்., பேரோல், அக்கவுண்ட்ஸ்னு ஏதோ ஒரு சீட்ல உட்கார்ந்து மாசம் 18,000, 20,000 வாங்குறீங்கன்னு வைங்க. அடுத்த படிக்குப் போகணும்னு ஆசை. அப்போதான் போன்ல விளம்பரம் வரும்: "பி.எஃப்., பென்ஷன், கிராஜுவிட்டி எல்லாம் கத்துத் தர்றோம், சர்ட்டிஃபிகேட் உண்டு, 40,000 ரூபாய்தான், இ.எம்.ஐ. வசதியும் உண்டு." அது உங்களோட ரெண்டு மாச சம்பளம். என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். இந்தப் படிப்பு நல்ல படிப்பு, கண்டிப்பா படிங்க. ஆனா அதுக்கு அவ்வளவு காசு கொடுக்காதீங்க.

ஏன்னா இந்தப் பாடம் முழுக்க சட்டமும் கணக்கும்தான். சட்டம் யாருக்கும் சொந்தமில்லை. 1952 பி.எஃப். சட்டம், 1995 பென்ஷன் திட்டம், என்.பி.எஸ். விதிகள் எல்லாமே அரசுத் தளங்கள்ல இலவசமா கிடைக்குது.

சான்றிதழ் வேணும்னா அதுக்கும் நேர்வழி இருக்கு. என்.ஐ.எஸ்.எம். நடத்துற 'ரிட்டயர்மென்ட் அட்வைசர்' தேர்வு, சீரிஸ் 17. கட்டணம் 1,500 ரூபாய், அதுக்கு மேல ஜி.எஸ்.டி. பதிவு செஞ்சா பாடப்புத்தகத்தோட பி.டி.எஃப். கையோட வந்துடும். தேர்வு மையம் எந்த ஊர்லன்னு மட்டும் பணம் கட்டுறதுக்கு முன்னாடி பார்த்துக்கோங்க, பஸ் காசும் செலவுதானே. இதுல ரெண்டு விஷயத்தை விளம்பரத்துல சொல்ல மாட்டாங்க. ஒண்ணு, அந்தச் சான்றிதழ் மூணு வருஷம்தான் செல்லும். ரெண்டு, பாஸ் பண்ணிட்டா மட்டும் ஊருக்கு ஆலோசனை சொல்லிக் காசு வாங்க முடியாது. அதுக்கு 2016 விதிமுறைப்படி பி.எஃப்.ஆர்.டி.ஏ.வுல தனியா பதிவு செய்யணும். அதனால எப்போ அது உங்களுக்கு உதவுமோ, அப்போ எழுதுங்க. படிப்பை மட்டும் இன்னைக்கே தொடங்கலாம்.

"பாடத்திட்டம் இல்லாம எங்கிருந்து தொடங்குறது?"ன்னு கேட்பீங்க. யு.பி.எஸ்.சி. நடத்துற பி.எஃப். அமலாக்க அதிகாரி தேர்வோட பாடத்திட்டத்தை டவுன்லோடு பண்ணுங்க. தொழிலாளர் சட்டம், சமூகப் பாதுகாப்பு, அடிப்படைக் கணக்கியல் எல்லாம் அதுல இருக்கு. அந்தத் தேர்வுக் கட்டணமே 25 ரூபாய்தான். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுவும் இல்லை. வருஷா வருஷம் வராது, வந்தா விடாதீங்க.

சரி, இதைப் படிச்சு நம்ம ஊர்ல என்ன பண்ண? இங்கதான் விளம்பரக்காரங்களுக்குத் தெரியாத விஷயம் இருக்கு. டெல்டாவுல 2024 செப்டம்பர்ல தஞ்சாவூர் மினி டைடல் பார்க் திறந்தாச்சு, சந்தோஷம். ஆனா உண்மையான தேவை அரிசி மில், தனியார் பள்ளி, ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை இங்கெல்லாம். 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல பி.எஃப். கட்டாயம். மாசா மாசம் 15-ம் தேதிக்குள்ள பணம் கட்டணும், தப்பினா வருஷத்துக்கு 12 சதவீதம் வட்டி. பல முதலாளிகள் இதை ஆடிட்டர் தலையில போட்டுட்டு மறந்துடுவாங்க. ஆடிட்டர் சலானைத்தான் பார்ப்பாரு, ஆளைப் பார்க்க மாட்டாரு.

ஒரு கணக்கு போடுவோம். ஒரு மில்லுல லோடு ரிஜிஸ்டர் எழுதுற அண்ணன் ஒருத்தர். பென்ஷன் திட்டத்துல 9 வருஷம் 2 மாசம் ஆச்சு. சம்பா அறுவடை முடிஞ்சதும் திருப்பூர் போயிடலாம்னு வேலையை விடுறாரு. 'பணத்தை எடுத்துடலாம்'னு 10சி படிவம் போட்டா ஒரு தொகை வரும், கதை முடிஞ்சது. அவரே இன்னும் நாலு மாசம் இருந்தா 9 வருஷம் 6 மாசம். ஆறு மாசமும் அதுக்கு மேலயும் முழு வருஷமா எண்ணப்படும், அதனால அது 10 வருஷம். 10 வருஷம் ஆனா 58 வயசுல இருந்து ஆயுசுக்கும் பென்ஷன். கணக்கு: சம்பளம் பெருக்கல் சர்வீஸ், வகுத்தல் 70. கடைசி 60 மாச சராசரி 15,000 ரூபாய்னா, 15,000 × 10 ÷ 70, மாசம் சுமார் 2,142 ரூபாய். அவருக்கு அப்புறம் மனைவிக்கும் ஒரு பங்கு. திருப்பூர்ல புது வேலையில அதே யு.ஏ.என். நம்பரைக் கொடுத்துப் பழைய சர்வீஸைச் சேர்த்துக்கிட்டா, நாலு மாசம் காத்திருக்கக்கூட தேவையில்லை. "அண்ணே, 10சி போடாதீங்க"ன்னு சொல்ல அந்த ஆபீஸ்ல ஒரு ஆள் இருந்தா போதும். அந்த ஆளா நீங்க இருக்கணும்னுதான் படிக்கச் சொல்றேன். சம்பள உயர்வு கேட்கவும் அப்போதான் வாய் வரும்.

காசு மிச்சம் பிடிக்கிறேன்னு பழைய நோட்ஸ் வாங்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2023 நோட்ஸ்ல என்.பி.எஸ். வாத்சல்யா இருக்காது, அது 2024 செப்டம்பர்ல வந்தது. மத்திய அரசு ஊழியர்களுக்கான யு.பி.எஸ். 2025 ஏப்ரல் 1-ல வந்தது. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்து, ஒப்பந்த காலத்துக்கு எடுத்த நிரந்தரமில்லாத ஊழியருக்கு ஒரு வருஷத்துலயே கிராஜுவிட்டின்னு ஆக்கிடுச்சு. பழைய நோட்ஸ் அஞ்சு வருஷம்னே சொல்லும். அதை நம்பி செட்டில்மென்ட் போட்டீங்கன்னா மாட்டுறது நீங்கதான்.

சென்னையில அமெரிக்க 401கே வேலை பார்க்கிற கம்பெனிக்குப் போறவங்களுக்கு மட்டும் பாதை வேற. அங்க கேட்கிற சான்றிதழுக்கு டாலர்ல கட்டணம். சேர்ந்த பிறகு, கம்பெனி அதைத் திருப்பித் தருமான்னு எச்.ஆர்.கிட்ட கேட்டுட்டு அப்புறம் கட்டுங்க.

பயிற்சிக்கு முதல் கேஸ் உங்க சொந்த பி.எஃப். பாஸ்புக். ஒவ்வொரு வரியும் எப்படி வந்ததுன்னு நீங்களே போட்டுப் பாருங்க. முதலாளியோட 12 சதவீதத்துல 8.33 பென்ஷனுக்குப் போயிருக்கா, 15,000 உச்சவரம்புப்படி 1,250 ரூபாய் காட்டுதான்னு பாருங்க. அடுத்து, மாசா மாசம் 27-ம் தேதி ஒவ்வொரு மாவட்டத்துலயும் பி.எஃப். அலுவலகம் 'நிதி ஆப்கே நிகட்' முகாம் நடத்துது. அன்னைக்கு லீவுன்னா அடுத்த வேலை நாள். கட்டணம் இல்லை. ஒரு நோட்டோட போய் ஓரமா உட்காருங்க. பேர் எழுத்துப் பிழை, பிறந்த தேதி மாறினது, வேலையை விட்ட தேதி பதியாததுன்னு க்ளெயிம் எங்க எங்க நிக்குதுன்னு கேட்டு எழுதிக்கோங்க.