போத்தலில் ஒட்டிய படம்

பியர் குடிப்பவர் சுவையறிந்தே வாங்குகிறார் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், மூடியிருக்கும் போத்தலின் சுவை கடையில் யாருக்குத் தெரியும்? கண்ணில் படுவது லேபல் மட்டுமே.

கம்பனிகள் இதை எப்போதோ அறிந்துகொண்டன. இங்கிலாந்தின் பாஸ் பியரில் உள்ள சிவப்பு முக்கோணமே, 1876 ஜனவரி 1ஆம் திகதி அந்நாட்டில் முதலாவது வியாபாரக் குறியாகப் பதியப்பட்டது. வாசிக்கத் தெரியாதவரும் அந்த முக்கோணத்தைக் காட்டிக் கேட்கலாம்.

1964இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், பியர் குடிப்பவர்களுக்கு முதலில் லேபல் இல்லாத போத்தல்கள் கொடுக்கப்பட்டன. தாம் வழமையாகக் குடிப்பது எதுவென்று பெரும்பாலானோருக்குப் பிரித்தறிய முடியவில்லை. பின்னர் லேபலுடன் கொடுத்தபோது, தமது பியரே சிறந்தது என்றார்கள். நாக்கு சொல்லாததைக் கண் சொல்லியது.

எமது நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுசார விளம்பரங்களைத் தடைசெய்தது. பத்திரிகையில் பேச முடியாத கம்பனிக்கு இப்போது போத்தலே வாய். ஒரே பெயரிலும் ஒரே சிங்கப் படத்துடனும் சாதாரண பியரும் உண்டு, வலுக்கூடியதும் உண்டு. வலு எவ்வளவு என்பதைச் சொல்வது மதுசார வீதத்தைக் காட்டும் இலக்கமே.

விதைநெல் வாங்கும்போது சாக்கின் படத்தை நாம் நம்புவதில்லை. நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கிறோம். காணியை விட்டு வந்து கூலிக்குப் போகும் இந்நாட்களில், அந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். ஒருநாள் உழைப்பை ஒரு படத்துக்குக் கொடுப்பதா என்பதை வீட்டில் எல்லோரும் இருந்து பேசுங்கள்.